எழுபது வளைவுக்காரியின் பினாங்கு நாட்கள்

செப்டம்பர் 11, 2025, வியாழன். சிம்பாங் அம்பாட்

பெரியம்மா வீட்டுச் சுவரில் உள்ள பிளக் துளைகள் மூன்றும் செவ்வகம். நாங்கள் கொண்டுவந்த சார்ஜரின் கம்பிகள் உருண்டை. வந்து இறங்கிய முதல் ஒரு மணி நேரம் இந்த விவகாரத்திலேயே போனது. பெரியம்மாவின் மகனான அண்ணன் ஒரு ஐஸ் குச்சியை மேல் துளையில் செருகி, கீழே எங்கள் சார்ஜரை அழுத்தி உள்ளே தள்ளினார். "இங்கே எல்லாரும் இப்படித்தான் செய்வோம், பயப்படாதே" என்றார். மின்சாரம் தாக்கியவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியவள் நான். இரண்டடி தள்ளி நின்றே பார்த்தேன். சார்ஜ் ஏறியது.

அம்மாவுக்கு இது முதல் விமானப் பயணம். எனக்கும்தான். அம்மாவின் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா வந்தவர். கூலித் தொழிலாளர்களை இங்கே அனுப்புவதற்கு 1938-இல் இந்திய அரசு தடை போட்டது. அதற்கு முன்பே வந்துவிட்டார். அவருடைய மகள்தான் இந்தப் பெரியம்மா. தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் வீட்டுமனையான பிறகு மகனோடு இந்த வரிசை வீட்டுக்கு வந்துவிட்டார்.

மதியம் நாசி லெமாக். வாழையிலையும் செய்தித்தாளும் சுற்றிய சிறு பொட்டலம், 2.50 வெள்ளி. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, இனிப்பும் உறைப்புமாகச் சம்பால், வறுத்த நெத்திலி, அவித்த முட்டையில் பாதி. ஒரு வெள்ளி நம் பணத்தில் இருபது ரூபாய்க்குச் சற்று மேல். அம்மா மனக்கணக்குப் போட்டு, "ஐம்பது ரூபாய்க்கு இவ்வளவுதான் சோறா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார்.

மாலையில் பக்கத்து வீட்டினர் பார்க்க வந்தார்கள். "என்ன வேலை, தங்கச்சி? நர்ஸா?" என்றார் ஒருவர். கொல்லிமலையில் 108 ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளர் என்றேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஆர்வம் சற்று இறங்கியது. வண்டியில் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார்கள். இரண்டே பேர். ஓட்டுநரை நாங்கள் பைலட் என்போம். பிரசவமானாலும் பாம்புக்கடியானாலும் பின்பக்கம் நான் ஒருத்திதான். அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர்கள், சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்றபோதுதான் வாய் பிளந்தார்கள்.

அந்த வளைவுகளைச் சுற்றுலா வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, மறு கையால் மேல் கம்பியைப் பற்றி, ஒரு காலைப் பெஞ்சில் முட்டுக்கொடுத்து இறங்குபவளுக்கு எண்ண நேரம் இருக்காது. எத்தனையாவது வளைவு என்பது இடுப்புக்குத் தெரிந்துவிடும். நோயாளி வாந்தி எடுக்கப்போகும் வளைவுகூடத் தெரியும்.

செப்டம்பர் 12, வெள்ளி. ஜார்ஜ் டவுன்

காலை பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மலையில் இருந்து பழகிய உடம்புக்கு இந்தப் புழுக்கம் ஆகவில்லை. குயின் தெருவில் 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் அம்மா ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கிளப்பவே அரை மணி நேரம் ஆனது. வெளியே பூக்கடை, பாத்திரக்கடை, பழைய பாட்டைச் சத்தமாக வைத்த துணிக்கடை. "விமானத்தில் ஏறியதே வீண். இது திருச்சி பெரிய கடை வீதிதானே" என்றார் அம்மா.

பழைய நகரம் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது என்பதால் எங்கு பார்த்தாலும் படம் எடுப்பவர்கள். என் கண் கட்டடங்களில் நிற்கவில்லை, கீழே அஞ்சடியில் நின்றது. கடை வாசல்களை ஒட்டி, மேலே கூரையோடு போகும் நடைபாதை அது. மழைக்கும் வெயிலுக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலை ஒரு உயரத்தில் தளம் போட்டிருக்கிறார். ஒரு படி ஏறினால் அடுத்த கடையில் இரண்டு படி இறங்க வேண்டும், அதற்கடுத்து மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்கும். ஸ்ட்ரெச்சரை இதில் உருட்ட முடியாது; நான்கு பேர் தூக்கித்தான் ஆக வேண்டும். விடுமுறையில் வந்தவள் யோசிக்க வேண்டிய விஷயமா இது என்று கேட்டால் பதில் இல்லை.

மதியம் நாசி கண்டார். தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் சாப்பாடு அது. இப்போது காவடி போய்விட்டது, வரிசை மட்டும் நீண்டுவிட்டது. பரிமாறுபவர் எதையும் கேட்பதில்லை. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று எல்லாவற்றிலிருந்தும் ஒரு கரண்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றுகிறார். எனக்குக் கோழியும் வெண்டைக்காயுமாக 14.50 வெள்ளி. கல்லாவில் இருந்தவர் கடையநல்லூர்க்காரர். "ஊரில் மழையா?" என்று மட்டும் கேட்டார். தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

மூன்று மணிக்கு மழை. கொட்டிய கொட்டில் தெரு எதிர்ப்பக்கம் மறைந்துவிட்டது. அஞ்சடியில் ஒதுங்கி நின்றோம். கடைக்குள்ளிருந்து ஒரு சீனப் பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அம்மாவுக்குப் போட்டார். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தவர் உள்ளே போய்க் கோடாலித் தைலம் எடுத்து வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. இவர் தன் காலைக் காட்ட, அவர் தன் காலைக் காட்ட, எந்தப் படியில் ஏறும்போது வலிக்கிறது என்பது வரை பேசி முடித்தார்கள்.

செப்டம்பர் 13, சனி. பாலமும் பாம்புக் கோயிலும்

செவ்வாய்க்கிழமை மலேசிய தினம். இந்த ஆண்டு திங்களுக்கும் விடுமுறை அறிவித்துவிட்டார்கள். நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்ததும் தீபகற்பத்தில் பாதிப் பேர் பினாங்குக்குக் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. அண்ணன் பிறையில் ஒரு நண்பரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று பழைய பாலத்தில் போனார். 13.5 கிலோமீட்டர் நீளம், 1985-இல் திறந்தது. கடல் நடுவே, நகராத கார்களுக்கு நடுவே, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அம்மா கடலைப் பார்த்தே சலித்துப்போய்த் தூங்கிவிட்டார்.

பின்னால் சைரன் கேட்டது. இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கார்கள் இடமும் வலமும் சாய்ந்து ஒதுங்கி, நடுவில் ஒரு சந்து திறந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்தபோது பின் கண்ணாடியில் ஒருவர் குனிந்திருப்பது தெரிந்தது. அவருடைய வலது முழங்கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. காற்றுப் பையை அமுக்குகிறார். ஆறு நொடிக்கு ஒரு முறை, சரியான கதி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் பறந்தது. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் அந்த ஒருவர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்.

சுங்கை குளுவாங்கில் உள்ள பாம்புக் கோயில் சீனர்களுடையது, சோர் சூ கோங் என்ற துறவிக்கு எழுப்பியது. ஊதுபத்திப் புகைக்குள் காய்ந்த கிளைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிளை என்று நினைத்த ஒன்றுக்குக் கண் இருந்தது. வேக்லர் குழிவிரியன். பச்சையும் கறுப்புமான உடம்பு, குறுக்கே மஞ்சள் பட்டைகள், கழுத்தைவிட இரண்டு மடங்கு அகலமான முக்கோணத் தலை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் அந்தக் குழி, ஊசியால் குத்தியதைப் போல. இருட்டிலும் இரையின் உடல் வெப்பத்தை அதை வைத்துத்தான் உணரும். எங்கள் மலையிலும் இதன் உறவினர் உண்டு, மூங்கில் குழிவிரியன். மிளகு பறிப்பவர்களின் கைகளில் கடிக்கும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான் தயாராகிறது. மூங்கில் குழிவிரியனுக்கு அது கேட்காது.

கழுத்தில் பாம்பைப் போட்டுப் படம் எடுக்கக் காசு. அம்மா வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

பாம்புக்கடி பற்றிய எங்கள் பயிற்சியில் வரும் பல விஷயங்கள் இந்த ஊரில்தான் எழுதப்பட்டவை என்பது ஊருக்குக் கிளம்பும் முன் படித்தபோது தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் பினாங்குப் பொது மருத்துவமனையில் இருந்த அலிஸ்டேர் ரீட் என்ற மருத்துவர், வலை இழுக்கும் மீனவர்களைக் கடற்பாம்பு கடித்ததையும் பால்மரத் தொழிலாளர்களை மலாயா குழிவிரியன் கடித்ததையும் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்துப் பதிவு செய்தார். குழிவிரியன் கடித்தவரின் ரத்தம் நாள் கணக்கில் உறையாமல் இருந்ததைக் கவனித்தார்கள். அதே விஷத்திலிருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஒன்று பிறகு உருவானது. இதை அண்ணனிடம் சொன்னேன். "தோட்டத்தில் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை உயிரைப் பிடித்து வைத்தது யார் தெரியுமா? எங்கள் டிரெஸர், தோட்டத்து மருத்துவ உதவியாளர். இன்னும் இருக்கிறார். நாளைக்குப் போவோமா?" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு. நிபோங் திபால்

போகும் வழியெல்லாம் செம்பனை, பாமாயில் தரும் மரம். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கரும்பு, பிறகு ரப்பர், இப்போது செம்பனையும் தொழிற்சாலைகளும். பெரியம்மா பிறந்த லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் கிடங்கு ஒன்று நிற்கிறது. அவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது, அதற்குப் புது வண்ணம்.

டிரெஸர் ஐயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கைலியும் பனியனுமாகக் கார் நிறுத்தும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா இன்றும் அவர் எதிரே நாற்காலியில் உட்காரத் தயங்கினார். "உட்காரம்மா, நான் இப்போது யாருக்கும் லீவு எழுதுவதில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பெருந்தோட்டத்தில் மருத்துவமனை வைத்தாக வேண்டும் என்பது அப்போதைய தொழிலாளர் சட்டம். டாக்டர் வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரெஸர்தான். இவர் 1960-களில் சேர்ந்தார். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது பதிந்துகொண்டார். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கெடுப்பு. அது முடிந்ததும் மருந்தகத்தில் நோயாளிகள். பிறகு லயம் லயமாகச் சுற்றி, சாக்கடை பார்த்து, ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்து, மாலையில் மறுபடி மருந்தகம். இரவில் கதவைத் தட்டினால் அதற்கு மேல். அவர் வீட்டிலிருந்து கடைசி லயத்துக்குப் பத்து நிமிட நடை.

"மலேரியா என் காலத்தில் குறைந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் சொல்வார், பெரட்டிலேயே வரிசையாக நிற்க வைத்துக் கொயினாத் தண்ணீர் ஊற்றுவார்களாம். விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்களாம். கசப்பு தாங்காமல் துப்பிவிடுவார்கள் அல்லவா?"

பேசிக்கொண்டே சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்தார். மடியில் வைத்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, ஓரத்தைத் திரும்ப ஒரு மடிப்பு, இரண்டு முனைகளையும் உள்ளே செருகி ஒரு தட்டு. விரல்கள் நடுங்கின, ஆனால் பொட்டலம் இறுக்கமாக விழுந்தது. தலைகீழாக ஆட்டினாலும் உள்ளே இருக்கும் பொடி சிந்தாது. "ஒரு நாளைக்கு நூறு மடிப்போம்" என்றார். தண்ணீர் மருந்துக்கு வேறு வழி. புட்டியின் பக்கவாட்டில் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டி, அதன் ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டிவிடுவார்களாம். ஒரு வேளைக்கு ஒரு பல். படிக்கத் தெரியாதவரும் எந்தப் பல் வரை குடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வண்டியில் வரும் முதியவர்களில் பாதிப் பேர் பையில் கலந்து கிடக்கும் மாத்திரைகளைக் காட்டி "இதில் எது சர்க்கரைக்கு?" என்று கேட்கிறார்கள். எழுத்து நிறைந்த அட்டைகளைவிட அந்தப் பல் வெட்டிய காகிதம் எவ்வளவோ மேல்.

பாம்புக்கடிக்கு வந்தோம். இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகிறவர்கள், கீழே சருகு நிறத்தில் அசையாமல் படுத்திருக்கும் குழிவிரியனை மிதிப்பார்கள். அது ஓடுகிற ஜாதி இல்லை. ஒரு பெண்ணைக் கணுக்காலில் கடித்ததைச் சொன்னார். கால் மட்டும்தான் வீங்கியிருந்தது, ஆள் தெளிவாகப் பேசினாள். இவர் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் காயத்தைப் பார்த்தார். திரும்பி வந்து குப்பியைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது.

"நாங்களும் அதே சோதனைதான், ஐயா. இருபது நிமிடம்" என்றேன்.

"குப்பி கண்ணாடிதானே?"

கண்ணாடிதான். பிளாஸ்டிக்கில் வைத்தால் நல்ல ரத்தமும் சரியாக உறையாது, சோதனை பொய் சொல்லும். எங்கள் வண்டியில் இதைச் செய்வதில்லை, மருத்துவமனைக்குப் போன பிறகுதான். ஆனால் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். இருபதாவது நிமிடத்தில் அதைச் சாய்க்கும் நொடி எப்படி இருக்கும் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். சுற்றி இருந்த மற்றவர்கள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணைச் சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கு அனுப்ப லாரி வேண்டும். லாரி ரப்பர் பால் ஏற்றப் போயிருந்தது. திருப்பி அழைக்க மேலாளர் ஒப்ப வேண்டும். "ஆள் நன்றாகத்தானே பேசுகிறாள், அவசரம் என்ன என்று கேட்டார். குப்பியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்." பெண் பிழைத்தாள்.

அடுத்துக் களைக்கொல்லி. பராகுவாட்டைப் பெண்கள்தான் முதுகில் டின் கட்டி அடிப்பார்கள். காற்று திரும்பினால் முகத்தில். மனம் வெறுத்துக் குடித்தவர்களும் உண்டு. மலேசியாவில் 2020-இல் தடை வந்தது, அதற்குள் இவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த நீலப்பச்சைத் தண்ணீரை நானும் உதட்டோரம் பார்த்திருக்கிறேன். குடித்தவர் முதல் நாள் உட்கார்ந்து பேசுவார். வாய் புண்ணாகியிருக்கும், அவ்வளவுதான். நுரையீரல் பிறகு மெல்லக் கெடும். மாற்று மருந்து கிடையாது. இதில் எங்களுக்குக் கடினமான பாடம் ஒன்று உண்டு: ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்கினால் ஒழிய ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். எந்த நோயாளியைக் கண்டாலும் முகமூடியை நோக்கிப் போகும் கையை அன்று மட்டும் மடக்கிவைக்க வேண்டும். உறவினர்கள் "காற்று வையுங்கள்" என்று கதறுவார்கள்.

நான் ஐயாவைப் பார்த்து, இப்படி ஒருவர் எங்கள் ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் தே ஓ என்னும் பாலில்லாத தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அவசரப்படாதே அம்மா. என் சம்பளம் யார் கொடுத்தது? தோட்டம். காலையில் காய்ச்சல் என்று வருகிறவனுக்கு நான் எழுதிக் கொடுத்தால்தான் அன்றைக்கு லீவு. எழுதாவிட்டால் வேலைக்குப் போக வேண்டும், அல்லது சம்பளம் போகும். நிறைய எழுதினால் மேலாளர் கூப்பிட்டு, நேற்று ஏன் இத்தனை பேர் என்று கேட்பார். பாதிப் பேர் என்னைத் தொரையின் ஆள் என்றுதான் திட்டினார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன்."

பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குத் திரும்பும்போது, தாத்தாவுக்கு ஒரு முறை லீவு எழுதவில்லை என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களை யாரும் தொரையின் ஆள் என்று சொல்ல முடியாது. அழைத்தால் வருவோம், காசு கிடையாது, சாதி ஊர் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியதிலிருந்து இந்தச் சேவைக்குக் கிடைத்த மதிப்பு அதனால்தான். ஆனால் நாங்கள் வருகிறவர்கள். சாலை முடியும் இடத்தில் வண்டி நிற்கும். அதற்கு அப்பால் இருந்து போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, மாறி மாறித் தோள் கொடுத்து நோயாளியைத் தூக்கி வருவார்கள். அந்தத் தூளிக்கும் முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் பல விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன: கயிறு கட்டி இறுக்கியிருப்பார்கள், கீறியிருப்பார்கள், மந்திரிக்கப் போய் வந்திருப்பார்கள், பனிக்குடம் உடைந்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுக்க வேண்டிய இடத்தில் சிக்னல் இருக்காது.

கிராமச் சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். மலையில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அந்த மூவாயிரம் பேர் எத்தனை முகடுகளில் சிதறியிருக்கிறார்கள் என்பதைக் கணக்குப் பார்ப்பதில்லை. பிரசவ நாளுக்கு முன்பே கர்ப்பிணிகள் வந்து தங்கக் காத்திருப்பு அறைகளும் மலைப்பகுதிகளில் ஏற்படுத்தினார்கள். நல்ல ஏற்பாடு. ஆட்டை யார் ஓட்டுவது, மூத்த குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டுப் பெண்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கூடுதல் வண்டி கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஒரு முகட்டுக்கு ஒருவர், அங்கேயே குடியிருப்பவர், ரத்தம் வழிவதை அழுத்தி நிறுத்தவும் கடிபட்ட காலை அசையாமல் கட்டவும் தெரிந்தவர், சம்பளம் அரசிடமிருந்து. டிரெஸரின் பத்து நிமிட நடை வேண்டும், அவருடைய லீவுச் சீட்டு வேண்டாம்.

செப்டம்பர் 15, திங்கள். கொடிமலை

வரிசையில் நின்றதுதான் இன்றைய பெரும்பகுதி. உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், எங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், இப்போது புதுப் பெட்டிகள். சரிவு எவ்வளவு செங்குத்து என்றால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசத்தில் பாதியை முடித்துவிட்டார். மேலே முருகன் கோயில் இருந்ததில் அவருக்கு நியாயம் கிடைத்தது.

இந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த முகடு 833 மீட்டர். எங்கள் மலையைவிடக் குறைவு, ஆனால் காற்று அதே குளிர். மேலே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் எப்படி இறக்குவீர்கள் என்று சீருடை போட்ட ஒரு தம்பியிடம் அண்ணனை விட்டுக் கேட்டேன். ரயில், இல்லாவிட்டால் தாவரவியல் பூங்காவுக்கு இறங்கும் ஜீப் பாதை என்றார். 2017 நவம்பரில் பெய்த பேய் மழையில் இந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்ததை அண்ணன் நினைவுபடுத்தினார். அப்படியானால் அன்று ஒருவரை எப்படி இறக்கியிருப்பார்கள் என்று கேட்டேன். "நீ சுற்றிப் பார்க்க வந்தாயா, சோதனை போட வந்தாயா?" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. நகரம், பாலம், கடல் எதுவும் தெரியவில்லை. வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே செண்டோல் சாப்பிட்டோம், குளிரில் ஐஸ். விலை கீழே கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு.

செப்டம்பர் 16, செவ்வாய். கிளம்பும் நாள்

தெருவெல்லாம் கொடி. கார்களின் முகப்பிலும் ஜன்னலிலும் கொடி. பக்கத்து வீட்டுச் சிறுவன் சைக்கிளின் இரு கைப்பிடியிலும் கட்டிக்கொண்டு சுற்றினான். பெரியம்மா விடியலிலேயே எழுந்து முறுக்குச் சுட்டுவிட்டார். பெட்டியில் ஏற்கெனவே மைலோ டப்பாக்கள், நெத்திலி, அக்கம்பக்கத்தார் கொடுத்த தைலப் புட்டிகள். எடை அதிகமாகி, என் சட்டைகளில் மூன்றை அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

காலையில் பைலட் அழைத்தார். மலையில் நேற்றும் நல்ல மழையாம். பாதையில் ஒரு மரம் விழுந்து, வெட்டி அகற்றிய பிறகுதான் வண்டி போனதாம். நோயாளி என்ன ஆனார் என்றேன். பெண் குழந்தை என்றார். எங்கே? மரத்துக்கு இந்தப் பக்கம், வண்டியில். எனக்குப் பதிலாக வந்திருந்த தம்பிக்கு அதுதான் முதல் பிரசவமாம், கையெல்லாம் நடுங்கியதாம், ஆனால் தொப்புள்கொடியைச் சரியாகக் கட்டியிருக்கிறான். குழந்தையைத் துடைத்து உடனே தாயின் மார்பில் போட்டானா என்று கேட்டேன். போட்டான் என்றார்.

விமான நிலையத்தில் அக்கா தங்கை இருவரும் அழுது தீர்த்தார்கள். அடுத்த முறை நீ வர வேண்டும், மலைக்கே வந்து ஒரு மாதம் இரு என்றார் அம்மா. பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ரத்த அழுத்தம் வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் மலையில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"இவள்தான் இருக்கிறாளே" என்றார் அம்மா. "கூப்பிட்டால் நம் வீட்டுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். நீ முன்கூட்டியே சொல்லிவிடு."